திங்கட்கிழமை கிளாஸ்... செவ்வாய்க்கிழமை ஆபீஸ்!

உங்ககிட்ட ஒரு சின்ன கேள்வி. இந்த செமஸ்டர் ஃபீஸ் யார் கட்டினது? அப்பா பி.எஃப். லோன் போட்டாரா? அம்மாவோட வளையல் அடகுக் கடைக்குப் போச்சா? பேங்க்ல எஜுகேஷன் லோனா? எதுவா இருந்தாலும் சரி... 'நானே சம்பாதிச்சுக் கட்டினேன்'னு சொல்றவங்க கை தூக்குங்கன்னா, ஒரு கிளாஸுக்கு ரெண்டு கை, மூணு கைதான் எழும். விடியக்காலையில பேப்பர் போட்டும், சாயந்திரம் கடையில பில் போட்டும் படிக்கிற அந்த ரெண்டு மூணு பேருக்கு முதல்ல ஒரு சல்யூட்!

இப்ப அடுத்த கேள்வி. ஒரு ஸ்கூல். அதுல ஒம்பதாம் கிளாஸ் சேர்ற ஒவ்வொரு பையனும், ஒவ்வொரு பொண்ணும் தன் படிப்புச் செலவுல ஒரு பெரிய பங்கைத் தானே சம்பாதிக்கணும். ஒருத்தர், ரெண்டு பேர் இல்ல... மொத்த ஸ்கூலும்! சம்பாதிக்கிற இடம் டீக்கடையோ பட்டறையோ இல்ல. வக்கீல் ஆபீஸ், பேங்க், ஆஸ்பத்திரி, இன்ஷூரன்ஸ் கம்பெனி. வயசு? பதினாலு!

'சும்மா கதை விடாதீங்க பாஸ்'ங்கிறீங்களா? கதை இல்ல. அமெரிக்காவுல சிகாகோ நகரத்துல 1996லேருந்து நடந்துக்கிட்டிருக்கு. பேரு, கிறிஸ்டோ ரே ஜெசூட் ஹைஸ்கூல். 'கிறிஸ்டோ ரே'ன்னா ஸ்பானிஷ் மொழியில 'கிறிஸ்து அரசர்'னு அர்த்தம். பசங்களும் பொண்ணுங்களும் சேர்ந்து படிக்கிற தனியார் கத்தோலிக்க ஸ்கூல். நடத்துறவங்க நமக்குப் புதுசு இல்ல. திருச்சி செயின்ட் ஜோசப்ஸ் காலேஜையும், 1925ல சென்னை லயோலா காலேஜையும் ஆரம்பிச்ச அதே இயேசு சபைதான்.

'சின்னப் பசங்களை வேலைக்கு அனுப்பி ஸ்கூல் நடத்துறாங்களா? அநியாயம்!'னு கோபம் வருதா? இல்ல, 'அட, செம ஐடியாவா இருக்கே!'ன்னு தோணுதா? ரெண்டுமே நியாயம்தான். ரெண்டையும் பத்திரமா பையில வெச்சுக்கிட்டு வாங்க, உள்ள போய்ப் பார்க்கலாம்.

பில்சன்... ஒரு அறிமுகம்

சிகாகோவோட டவுன்டவுன்லேருந்து தென்மேற்குப் பக்கம் போனா பில்சன்னு ஒரு ஏரியா. 19-ம் நூற்றாண்டுல செக் நாட்டுலேருந்து பிழைக்க வந்தவங்க, தங்க ஊர் ஞாபகத்துல வெச்ச பேரு அது. அவங்க பசங்க தலையெடுத்து வேற ஏரியாவுக்குப் போனாங்க. 1950, 60கள்ல அந்த வீடுகளுக்கு மெக்சிகோக்காரங்க குடிவந்தாங்க. ஃபேக்டரி, ஓட்டல், கட்டட வேலைன்னு உழைக்கிற ஜனங்க. வீட்டுல ஸ்பானிஷ், வெளியில இங்கிலீஷ்.

படிப்பு? அங்கதான் சிக்கல். இருந்த ஸ்கூல்கள்ல நெரிசல். ஏரியாவுக்கு ஒரு நல்ல அரசாங்க ஹைஸ்கூல் வேணும்னு தாய்மார்கள் இறங்கிப் போராடித்தான் 1977ல பெனிட்டோ உவாரெஸ் ஹைஸ்கூலே வந்துச்சு. அப்படியும் பாதியில படிப்பை விடுறவங்க எண்ணிக்கை குறையல.

1990கள்ல இயேசு சபைக்காரங்க இந்த ஏரியாவுக்கு ஏதாவது செய்யணும்னு முடிவு பண்ணாங்க. அவங்க செஞ்ச முதல் நல்ல காரியம், தாங்களே ஒரு திட்டத்தைப் போட்டுட்டு வந்து திறப்பு விழா நடத்தாததுதான்! 'உங்களுக்கு என்ன வேணும்?'னு ஏரியா ஜனங்ககிட்டயே போய்க் கேட்டாங்க. 'எங்க பசங்க படிக்க ஒரு ஹைஸ்கூல் வேணும்'னு பதில் வந்துச்சு.

அமெரிக்காவுல ஹைஸ்கூல்ங்கிறது ஒம்பதுலேருந்து பன்னெண்டாம் கிளாஸ் வரைக்கும். 14 வயசுல உள்ள போய், 18 வயசுல வெளிய வரணும். நம்ம ஊர் ப்ளஸ் டூ முடிக்கிற வயசு.

இன்னொரு விஷயம் கவனிங்க. இயேசு சபை ஸ்கூல்னாலே ரொம்ப காலம் 'பாய்ஸ் ஒன்லி'தான். அதே சிகாகோவுல 1869ல அவங்க ஆரம்பிச்ச செயின்ட் இக்னேஷியஸ்ல பொண்ணுங்க காலடி எடுத்து வைக்க 1979 வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்துச்சு. நூத்திப் பத்து வருஷம்! கிறிஸ்டோ ரேல அந்தக் கதையே இல்ல. முதல் நாள்லேருந்தே கோ-எட். பாடமும் இங்கிலீஷ், ஸ்பானிஷ்னு ரெண்டு மொழியிலயும் ஆரம்பிச்சாங்க. வீட்டுல பேசுற மொழியை கேட்டுக்கு வெளிய கழட்டி வெச்சுட்டு வரச் சொல்லல. இது ஒண்ணுக்கே தனியா ஒரு விசில் அடிக்கலாம்!

பணத்துக்கு எங்க போறது?

ஸ்கூல் வேணும்னு கேட்டாச்சு. ஆரம்பிக்கலாம்னு முடிவும் பண்ணியாச்சு. ஆனா துட்டு?

இங்க ஒரு சின்ன ஃப்ளாஷ்பேக். அமெரிக்காவுல கத்தோலிக்க ஸ்கூல்கள் ஒரு காலத்துல ஏழைங்க ஸ்கூலாத்தான் இருந்துச்சு. அயர்லாந்து, போலந்து, இத்தாலின்னு வெறுங்கையோட கப்பல் ஏறி வந்தவங்க பசங்க அங்கதான் படிச்சாங்க. ஃபீஸ் ரொம்பக் கம்மி. எப்படி முடிஞ்சுது? கிளாஸ் எடுத்தவங்கள்ல பெரும்பாலானவங்க கன்னியாஸ்திரிகள். அவங்களுக்குச் சம்பளம்னு ஒண்ணும் பெருசா கிடையாது. தங்குற இடம், சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம். அவ்வளவுதான்.

1965ல அமெரிக்காவுல கன்னியாஸ்திரிகள் ஏறத்தாழ 1,80,000 பேர். இன்னிக்கு 40,000 பேர்கூட இல்ல. சிஸ்டர்ஸ் குறையக் குறைய, அந்த இடத்துக்குக் குடும்பம், குழந்தை, வீட்டு வாடகைன்னு இருக்குற டீச்சர்கள் வந்தாங்க. அவங்களுக்கு நியாயமான சம்பளம் கொடுக்கணுமில்ல? ஃபீஸ் ஏறுச்சு. ஏற ஏற, யாருக்காக ஸ்கூல் ஆரம்பிச்சாங்களோ அவங்களே வர முடியாமப் போச்சு. 1960கள்ல சுமார் 52 லட்சம் பேர் படிச்ச கத்தோலிக்க ஸ்கூல்கள்ல இன்னிக்குப் படிக்கிறவங்க சுமார் 17 லட்சம்தான்.

'நம்ம ஊர் எய்டட் ஸ்கூல் மாதிரி கவர்மென்ட்டே டீச்சருக்குச் சம்பளம் கொடுக்கலாமே?'னு கேட்பீங்க. அங்க அந்த ஏற்பாடு கிடையாது. ஆக, தனியார் கத்தோலிக்க ஸ்கூல்னா மூணே வழி. ஃபீஸை ஏத்து, நன்கொடைக்குக் கையேந்து, இல்லேன்னா இழுத்து மூடு.

பில்சன் அப்பா-அம்மாகிட்ட அவ்வளவு ஃபீஸ் வாங்க முடியாது. எத்தனை வருஷத்துக்கு நன்கொடையை நம்புறது? புது ஸ்கூலோட முதல் பிரெசிடென்ட்டா வந்தவர் ஃபாதர் ஜான் ஃபோலி. பெரு நாட்டுல 30 வருஷத்துக்கு மேல வேலை பார்த்தவர். அவரும் மத்தவங்களும் மண்டையைப் பிய்ச்சுக்கிட்டு இருந்தப்போ, ஒரு மேனேஜ்மென்ட் கன்சல்டன்ட் கிட்டேருந்து வந்துச்சு அந்த யோசனை. 'பசங்களையே வேலைக்கு அனுப்புங்க. கம்பெனி கொடுக்குற சம்பளம் நேரா ஸ்கூலுக்கு வரட்டும்!'

கேட்டவங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டிருக்கும். ஆனா வேற வழியும் இல்ல. செஞ்சு பார்த்துடலாம்னு இறங்கிட்டாங்க.

நீங்க அங்க படிச்சா...

கொஞ்ச நேரத்துக்கு நீங்களே அந்த ஸ்கூல்ல ஒம்பதாம் கிளாஸ் சேர்றீங்கன்னு வெச்சுக்குவோம். என்ன நடக்கும்?

ஸ்கூல் திறக்குறதுக்கு முன்னாடியே, லீவ்லயே உங்களுக்கு ட்ரெய்னிங். அல்ஜீப்ரா இல்ல. கை குலுக்குறது எப்படி, கண்ணைப் பார்த்துப் பேசுறது எப்படி, போன் வந்தா என்ன சொல்றது, ஃபைலை எப்படி அடுக்குறது, கம்ப்யூட்டர்ல என்னென்ன தெரியணும், ஆபீஸுக்கு என்ன டிரெஸ்... இதெல்லாம்தான் சிலபஸ். நம்மள்ல பல பேர் ஃபைனல் இயர்ல கேம்பஸ் இன்டர்வியூ அறிவிப்பு வந்த அப்புறம் அவசர அவசரமா கத்துக்கிற அதே சமாச்சாரம்!

அப்புறம் உங்களை நாலு பேர் டீம்ல போடுவாங்க. உங்க நாலு பேருக்கும் சேர்த்து ஒரு கம்பெனியில ஒரே ஒரு முழுநேர வேலை. செவ்வாய்க்கிழமை நீங்க போறீங்க. புதன் இன்னொருத்தர். வியாழன் மூணாவது ஆள். வெள்ளி நாலாவது ஆள். அப்ப திங்கட்கிழமை? அது முறை வெச்சு மாறும். நாலு வாரத்துல ஒரு திங்கள் உங்களுக்கு வரும். கூட்டிக் கழிச்சுப் பாருங்க... நாலு வாரத்துல உங்களுக்கு அஞ்சு நாள் வேலை. கம்பெனிக்கு வாரத்துல அஞ்சு நாளும் சீட்டுல ஆள் இருக்கும்.

காலையில ஸ்கூலுக்கு வந்தா, அங்கேருந்து ஆபீஸுக்குப் போக ஸ்கூலே ஏற்பாடு பண்ணும். ஆரம்பத்துல வேலைன்னா தபால் பிரிக்கிறது, ஃபைல் அடுக்குறது, ஜெராக்ஸ் எடுக்குறது, டேட்டா என்ட்ரி. போகப்போக ரிசப்ஷன், கணக்கு சரிபார்க்குறதுன்னு பொறுப்பு கூடும்.

சம்பளம்? உங்க கையில காசா வராது. ஸ்கூலோட ஒட்டி நடக்குற வேலைத் திட்டம் கிட்டத்தட்ட ஒரு ஆள் அனுப்புற ஏஜென்சி மாதிரி. கம்பெனி பணத்தை அங்க கட்டும். அது உங்க ஃபீஸுக்குப் போகும். அதிலேயே எல்லாம் முடிஞ்சுடாது. குடும்பம் முடிஞ்ச அளவுக்கு ஒரு சின்னத் தொகை கட்டணும். மிச்சத்தை நன்கொடையில சமாளிப்பாங்க. ஆனா நடுவுல நிக்கிற பெரிய தூண், நீங்க சம்பாதிச்ச காசுதான்.

இதுல ஒரு நுணுக்கம் இருக்கு. கம்பெனி கொடுக்குறது தர்மக் காசு இல்ல, செஞ்ச வேலைக்குக் கூலி. அதனால வேலையைச் சரியா செய்யலேன்னா கம்பெனி 'இவரை அனுப்பாதீங்க'ன்னு சொல்லலாம். அப்படிச் சொன்னா மறுபடியும் ட்ரெய்னிங். அங்க வேலையைத் தக்க வெச்சுக்கிறதும் படிப்பு மாதிரியே கட்டாயம். 'ஏம்ப்பா லேட்டு?'ன்னா 'பஸ் லேட் சார்'னு சொல்லித் தப்பிக்கிற நம்ம டெக்னிக் அங்க செல்லாது!

சரி, பாடம்? வேலை நாள்ல பாடம் விட்டுப்போகாத மாதிரி டைம்டேபிளை முன்னாடியே போட்டுடுவாங்க. குறையுற ஒரு நாளை ஈடுகட்ட, மத்த நாள்கள்ல ஸ்கூல் நேரம் அதிகம். ஆக, நீங்க நாலு வாரத்துல 15 நாள் கிளாஸ்லயும் 5 நாள் ஆபீஸ்லயும் இருப்பீங்க.

சட்டம் என்ன சொல்லுது?

உங்க பையில ஒரு கோபம் இருந்துச்சே, அதை இப்ப வெளிய எடுங்க. 14 வயசுப் பிள்ளையை ஸ்கூல் நேரத்துல வேலைக்கு அனுப்பலாமா?

அமெரிக்க மத்திய சட்டப்படி பொதுவா கூடாது. 14, 15 வயசுக்காரங்க ஸ்கூல் நேரத்துக்கு வெளியதான் வேலை பார்க்கலாம். அப்படின்னா கிறிஸ்டோ ரே ஸ்கூல்கள் எப்படி நடக்குது? 2010ல அமெரிக்கத் தொழிலாளர் துறை விதிகளைத் திருத்தினப்போ, காலேஜுக்குத் தயாராகுற 14, 15 வயசு மாணவர்களுக்காக 'வேலையோட படிப்பு'ன்னு ஒரு தனி விலக்கு கொண்டுவந்துச்சு. அதோட நிபந்தனைகளைப் படிச்சா, குழந்தை உழைப்புக்கும் இதுக்கும் நடுவுல எங்க கோடு போட்டிருக்காங்கன்னு புரியும்.

ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு மேல வேலை கூடாது. வாரத்துக்கு 18 மணி நேரம்தான் உச்சம். நாலு வாரத்துல மூணு வாரம், ஸ்கூல் நேரத்துல ஒரே ஒரு நாள்தான் போகலாம். மீதி ஒரு வாரத்துல ரெண்டு நாள். (அந்த நாலு பேர் டீம் கணக்கோட அப்படியே பொருந்துது பாருங்க!) மாநிலம் கேட்குற பாட நேரம் ஒரு மணிகூட குறையக் கூடாது. வேலை இடத்துப் பாதுகாப்பு பத்தியும், சின்ன வயசுக்காரங்களுக்கு இருக்குற உரிமைகள் பத்தியும் கிளாஸ் எடுக்கணும். பொறுப்பாசிரியர் ஒருத்தர் ஆபீஸுக்கே நேர்ல போய்ப் பார்க்கணும். மாணவர், பெற்றோர், ஸ்கூல், கம்பெனி எல்லாரும் ஒப்பந்தத்துல கையெழுத்துப் போடணும். ஃபேக்டரி, சுரங்கம் மாதிரி இந்த வயசுக்குத் தடை செஞ்ச வேலைகளுக்கு இந்த விலக்கு வந்த பின்னாடியும் தடைதான்.

கோடு எங்கேன்னு தெரியுதா? பிள்ளை வேலை செய்யுதாங்கிறது மட்டும் கேள்வி இல்ல. அந்த வேலை பிள்ளையைப் படிப்புலேருந்து பிடுங்கிக்கிட்டுப் போகுதா, இல்ல படிப்பு பக்கம் தள்ளுதாங்கிறதுதான் கேள்வி.

யாருமே எதிர்பார்க்காத லாபம்!

இப்ப மேட்டருக்கு வருவோம். இந்த வேலைத் திட்டத்தை ஆரம்பிச்சது காசுக்காக. ஆனா போகப்போக தெரிஞ்ச விஷயம் வேற. காசைவிடப் பெரிய லாபம் ஒண்ணு கிடைச்சுது.

யோசிச்சுப் பாருங்க. நம்ம கிளாஸ்ல வக்கீல் பையன் ஒருத்தன் இருப்பான். அவனுக்கு கோர்ட்டுன்னா என்ன, ஜூனியர்னா யாரு, ஃபைல்ல என்ன இருக்கும்னு பத்து வயசுலயே தெரியும். யாரும் சொல்லித் தரல. வீட்டு சாப்பாட்டு மேசையிலேயே காதுல விழுந்தது. டாக்டர் பொண்ணுக்கும் அப்படித்தான். ஆனா கட்டட வேலை பார்க்குறவர் பொண்ணுக்கு? அவளுக்கு மார்க் இருக்கும், மூளை இருக்கும். அந்தக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்குதுன்னு மட்டும் தெரியாது. லிஃப்ட்ல ஏறி இருபதாவது மாடியில இறங்குறப்போ 'இங்கெல்லாம் நாம வரலாமா?'ன்னு நெஞ்சு படபடக்கும்.

கிறிஸ்டோ ரே பொண்ணு அந்தப் படபடப்பை 14 வயசுலயே தாண்டிடுறா. வாரா வாரம் அதே லிஃப்ட், அதே மாடி. வக்கீலும் காபியைக் கொட்டுவார், மேனேஜரும் மறந்துபோவார், அவங்களும் மனுஷங்கதான்னு தெரிஞ்சுபோகுது. அவ பேர் சொல்லிக் கூப்பிட அங்க ஆள் இருக்கு. அவ செவ்வாய்க்கிழமை வரலேன்னா ஒரு வேலை நின்னுபோகுது. ஏழை வீட்டுப் பிள்ளைங்க கிட்ட உலகம் எப்பவும் 'உனக்கு என்ன உதவி வேணும்?'னுதான் கேட்கும். இங்கதான் 'உன்னோட உதவி எனக்கு வேணும்'னு யாரோ சொல்றாங்க. 14 வயசுல அதைக் கேட்ட பிள்ளை நிமிர்ந்துதான் நடக்கும்.

நாலு வருஷம் முடியறப்போ, காலேஜ் அப்ளிகேஷன்ல எழுத அவகிட்ட மார்க் மட்டும் இல்ல, நாலு வருஷ வேலை அனுபவமும் இருக்கு. நமக்கு இருபத்தியோரு வயசுல முதல் தடவை 'டெல் மீ அபவுட் யுவர்செல்ஃப்'னு கேட்டப்போ நாக்கு ஒட்டிக்கிச்சே... அவளுக்கு அது பழைய கேள்வி!

எல்லாம் சரியா?

இல்ல ஃப்ரெண்ட்ஸ். புகழ்ந்துட்டே போனா நீங்களே கொட்டாவி விடுவீங்க. நறுக்குனு கேட்க வேண்டிய சில கேள்விகள் இருக்கு.

ஒண்ணு. அதே நகரத்துல வசதியான வீட்டுப் பையன் வாரத்துல அஞ்சு நாளும் கிளாஸ்ல உட்கார்றான். சாயந்திரம் ஃபுட்பால், ட்யூஷன், பியானோ. அவனோட ஃபீஸை அவன் சம்பாதிக்கணும்னு யாரும் கேட்கல. ஏழைப் பிள்ளைக்கு மட்டும் ஏன் இந்தக் கூடுதல் பாரம்? 'அனுபவம் கிடைக்குதே'ன்னு சொல்றது சரி. அனுபவம் அவ்வளவு நல்லதுன்னா, பணக்காரப் பிள்ளைக்கும் அதைக் கட்டாயமாக்கலாமே?

ரெண்டு. எல்லாப் பிள்ளையாலயும் 14 வயசுல ஆபீஸ்ல ஒரு நாள் முழுக்க உட்கார முடியாது. வேலைக்குத் தயாரான பிள்ளையா இருக்கணும்னு பார்த்துத்தான் சேர்க்குறாங்க. அப்ப, தயாராகாத பிள்ளைக்கு? அவங்களுக்கு அரசாங்க ஸ்கூல்தான் கதி. ஆக, எந்தத் தனியார் ஸ்கூலும், எவ்வளவு நல்லதா இருந்தாலும், நல்ல அரசாங்க ஸ்கூலுக்கு மாற்று ஆகாது.

மூணு. ஸ்கூலோட உயிர் கம்பெனிகள் கையில. 2007ல நெப்ராஸ்கா மாநிலத்துல, ஒமாஹா நகரத்துல இதே மாடல்ல ஒரு ஸ்கூல் ஆரம்பிச்சாங்க. அடுத்த வருஷமே அமெரிக்கப் பொருளாதாரம் குப்புற விழுந்துச்சு. பணப் பிரச்னையில சிக்கி, 2011ல அந்த ஸ்கூலையே மூடிட்டாங்க. 2020ல கொரோனா வந்து ஆபீஸ்கள் எல்லாம் பூட்டினப்போ மறுபடியும் அதே தலைவலி. ஆபீஸே இல்லாதப்போ பிள்ளைங்களை எங்க அனுப்புறது?

நாலு. காலேஜ்ல சேர்றது ஒண்ணு, முடிக்கிறது வேற ஒண்ணு. குடும்பத்துல முதல் தடவையா காலேஜுக்குப் போற பிள்ளைக்கு அங்க போனதும் பணக் கஷ்டம், தனிமை, வீட்டுப் பொறுப்புன்னு எல்லாம் ஒரே நேரத்துல மோதும். நம்ம கேம்பஸ்லயும் முதல் பட்டதாரிங்க இருக்காங்களே, கேட்டுப் பாருங்க, கதை கதையா சொல்வாங்க.

இந்தக் கேள்விகளுக்கு நடுவுலயும் அந்த மாடல் பரவிக்கிட்டேதான் இருக்கு. 2000த்துக்கு அப்புறம் மத்த ஊர்க்காரங்க வந்து பார்த்துட்டுப் போய்த் தங்க ஊர்லயும் ஆரம்பிச்சாங்க. நியூயார்க், பால்டிமோர், ஹூஸ்டன், டாலஸ்னு இன்னிக்கு அமெரிக்கா முழுக்க சுமார் 40 ஸ்கூல்கள். சிகாகோவுலயே 2008ல மேற்குப் பக்கம் ஆஸ்டின் ஏரியாவுல இன்னொண்ணு வந்துச்சு. அதே 2008ல ஃபாதர் ஃபோலிக்கு அமெரிக்க ஜனாதிபதி குடிமக்கள் பதக்கம் கொடுத்தார்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விதி ஒண்ணு இருக்கு. இந்த ஸ்கூல்கள் வசதி குறைஞ்ச குடும்பத்துப் பிள்ளைங்களுக்கு மட்டும்தான். 'ரிசல்ட் நல்லா வருதே, நான் முழு ஃபீஸும் கட்டுறேன், என் பையனுக்கும் ஒரு சீட் கொடுங்க'ன்னு செக் புக்கோட வந்தாலும் இடம் இல்ல. நல்ல ஸ்கூல்னு பேர் வாங்கினதும் கேட்டுல காவலாளியை நிறுத்தி, ஃபீஸை ஏத்தி, யாருக்காக ஆரம்பிச்சோம்ங்கிறதையே மறந்துபோன எத்தனையோ ஸ்கூல்கள் உலகம் பூரா இருக்கு. மறக்காம இருக்க விதியே போட்டு வெச்சது நல்ல புத்திசாலித்தனம்!

என் தீர்ப்பு... அப்புறம் உங்க தீர்ப்பு!

என்னைக் கேட்டா? பதில் பிரமாதம். ஆனா அந்தக் கேள்வியே வந்திருக்கக் கூடாது. 14 வயசுப் பிள்ளை தன் ஃபீஸை சம்பாதிக்க வேண்டிய நிலைமை ஒரு பணக்கார நாட்டுக்கு அழகு இல்ல. ஆனா அந்த நிலைமை மாறுற வரைக்கும் பிள்ளை வளராம நிக்காதே! பில்சன் பொண்ணுக்கு 14 வயசு ஒரு தடவைதான் வரும். அந்த ஒரு தடவையில அவளுக்குக் கதவைத் திறந்து விட்டவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். கதவு ஏன் சாத்தியிருந்துச்சுன்னு கேட்குறதையும் நிறுத்த மாட்டேன்.

இதுல உங்களுக்கு என்ன இருக்குன்னு கேட்குறீங்களா? நிறைய இருக்கு.

அடுத்த வருஷம் இன்டர்ன்ஷிப் போகப் போறீங்க. பல பேர் சர்டிஃபிகேட்டுக்காக மட்டும் போவோம். தெரிஞ்ச அங்கிள் கம்பெனியில ஒரு லெட்டர்ஹெட் வாங்கி ரிப்போர்ட்ல ஒட்டிட்டு, அந்த ஒரு மாசமும் வீட்டுல தூங்கி எழறவங்களும் உண்டு. அந்த அங்கிள் இல்லாத நண்பன் உங்க பக்கத்து பெஞ்சுலயே உட்கார்ந்திருப்பான். அவனுக்கு அந்த ஒரு மாசம்தான் லிஃப்ட், அதுதான் இருபதாவது மாடி. உங்களுக்குக் கிடைச்ச தொடர்புல அவன் பேரையும் ஒரு தடவை சொல்லுங்க. ரெண்டு நிமிஷ வேலை அது.

நாளைக்கு நீங்க ஒரு ஆபீஸ்ல சீட் பிடிச்சு உட்கார்ந்த அப்புறம், சட்டை இன் பண்ணத் தெரியாம, யாரை எப்படிக் கூப்பிடுறதுன்னு புரியாம ஒரு சின்னப் பையனோ பொண்ணோ புதுசா வந்து நிப்பாங்க. 'ஜெராக்ஸ் எடுத்துட்டு வா'ன்னு மட்டும் சொல்லி அனுப்பாதீங்க. அந்தப் பேப்பர்ல என்ன இருக்கு, அது எங்க போகும், எதுக்குன்னு அஞ்சு நிமிஷம் சொல்லிக் கொடுங்க. வெறும் வேலையா இருக்குறது படிப்பா மாறுறது அந்த அஞ்சு நிமிஷத்துலதான்.

என்ன ஃப்ரெண்ட்ஸ், கோபம், ஆச்சரியம் ரெண்டுல எது இப்ப உங்க பையில மிச்சம் இருக்கு? ரெண்டும் இருந்தா ரொம்ப சந்தோஷம். ரெண்டையுமே தூக்கிப் போடாதீங்க. வேலைக்கு ஆகும்!